சுபாரு டபிள்யூஆர்எக்ஸ்: சென்டர் டிஃபரன்ஷியலைப் பிரித்துச் சீரமைக்க முடியுமா, முழுதாக மாற்றத்தான் வேண்டுமா?

வடதிசைப் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டின் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ். வட அமெரிக்காவில் விற்கப்பட்ட, ஐந்து வேக மேனுவல் கியர்பாக்ஸ் கொண்ட வண்டி. கனடாவின் குளிர்காலச் சாலைகளுக்காகவே நான்கு சக்கர இயக்கம் உள்ள ஒன்றைத் தேடி, பழைய வண்டியாக இதை வாங்கினேன். எஞ்சினில் குறை எதுவும் இல்லை. என் கவலையெல்லாம் சென்டர் டிஃபரன்ஷியலைப் பற்றியது, அதாவது முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பகிர்ந்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பகுதியைப் பற்றியது.

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு வண்டி நிறுத்துமிடத்துக்குள் நுழைந்து, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து முதல் கியரில் மெதுவாக நகர்ந்தால், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி தயங்குகிறது. முன் டயர்கள் தார்த் தரையில் உராய்ந்து கத்துகின்றன. அந்த நிலையில் கிளட்சை மிதித்தால் வண்டி தானாக உருண்டு போகாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இதே குறை இருந்தாலும் வெகு குறைவாகவே தெரிகிறது. முந்தைய உரிமையாளர் இரண்டு டயர்களை மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார். நான் அளந்து பார்த்தபோது முன் டயர்களில் 4 மில்லிமீட்டர், பின் டயர்களில் 8 மில்லிமீட்டர் பள்ளம் மீதமிருந்தது. நான்கும் 205/55 ஆர் 16 அளவுதான்.

அனுபவமுள்ளவர்களிடம் நான் கேட்க விரும்புவது இவை. டிஃபரன்ஷியலில் முன், பின் வேக வேறுபாட்டைத் தடித்த திரவத்தால் கட்டுப்படுத்தும் விஸ்கஸ் கப்ளிங்கைத் திறந்து, உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவத்தை மாற்றி, மீண்டும் மூட முடியுமா? கூம்பு வடிவப் பெவல் பற்சக்கரங்களையும் வாஷர்களையும் மட்டும் மாற்றினால் போதுமா? இந்த வேலைக்குக் கியர்பாக்ஸ் முழுவதையும் கீழே இறக்க வேண்டுமா? வீட்டுக் காரேஜில் நானே செய்யும் எண்ணம் இருக்கிறது. கருவிகளும் ஓரளவு இருக்கின்றன.


பல்சக்கரப் பட்டறை எழுதியது:

வணக்கம். நீங்கள் அடையாளங்களைத் தெளிவாகக் குறிப்பிட்டிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. சூடேறியதும் இறுகுவது, குளிர்ந்ததும் தளர்வது, வளைவில் கிளட்சை மிதித்ததும் நின்றுவிடுவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் ஐயம் விஸ்கஸ் கப்ளிங்கின் மேல்தான் விழ வேண்டும். ஆனாலும் ஒரு போல்ட்டைக் கூடத் தளர்த்துவதற்கு முன் இரண்டு செய்திகளை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலாவது டயர். உங்கள் அளவு டயரின் புதுச் சுற்றளவு ஏறக்குறைய 1985 மில்லிமீட்டர். முன்னுக்கும் பின்னுக்கும் பள்ளத்தில் 4 மில்லிமீட்டர் வேறுபாடு என்றால் விட்டத்தில் 8 மில்லிமீட்டர், சுற்றளவில் 25 மில்லிமீட்டர். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாருவின் அறிவுரை. உங்கள் வண்டி அதைப் போல் நான்கு மடங்கு விலகியிருக்கிறது. இந்த வேறுபாட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட ஆறு சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு டிஃபரன்ஷியலின் வெளியீடு சுற்றும் எண்ணிக்கையான இறுதிப் பற்சக்கர விகிதம் 3.9 என்பதால், 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டிஃபரன்ஷியலின் முன், பின் வெளியீடுகளுக்கு இடையே நிமிடத்துக்கு 42 சுற்று அளவில் ஓயாத வேறுபாடு நிலவுகிறது. ஒரு திருப்பத்தில் சில நொடிகள் மட்டும் உழைக்கவென்று வடிவமைக்கப்பட்ட கப்ளிங், உங்கள் வண்டியில் நேர்ச்சாலையிலும் மணிக்கணக்கில் உழைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த உழைப்பு முழுவதும் வெப்பமாகிறது. கப்ளிங்கின் உள்ளே துளைகளும் கீறல்களும் கொண்ட மெல்லிய எஃகுத் தட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக, ஒரு தொகுதி வெளி உறையோடும் மறு தொகுதி உள் அச்சோடும் பிணைந்து நிற்கின்றன. இடையில் சிலிக்கோன் திரவம் இருக்கிறது. ஆனால் உறை முழுவதும் திரவம் நிரம்பியிருக்காது, சிறிது காற்றும் விட்டு வைத்திருப்பார்கள். வெப்பம் ஏறும்போது திரவம் விரிந்து காற்று இருந்த இடத்தை நிரப்புகிறது. அழுத்தம் திடீரென உயர்ந்து தட்டுகள் ஒன்றையொன்று தொடும் நிலைக்கு வருகின்றன. திருப்புவிசை பல மடங்கு எகிறுகிறது. பனியில் ஒரு முனையின் சக்கரங்கள் வீணாகச் சுழலும்போது நம்மைக் காப்பாற்றுவது இந்தப் பண்புதான். அதே பண்பு தவறான டயர்களோடு நெடுஞ்சாலையில் வெளிப்படும்போது அழிவாகிறது. பலமுறை அளவுக்கு மீறிச் சூடேறிய சிலிக்கோன் தடித்துவிடுகிறது. பதம் தப்பி முற்றிப்போன பாகு மீண்டும் இளகாததைப் போல, அதுவும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மாறாக, சீல் பழுதாகித் திரவம் கசிந்து வெளியேறினால் எதிர்க்கும் விசையே இல்லாமல் போய், பெவல் பற்சக்கரங்கள் மட்டும் மிஞ்சிய திறந்த டிஃபரன்ஷியலாகிவிடும். அப்போது வளைவில் இறுக்கம் தெரியாது. பனியில் ஒரு சக்கரம் சுழன்றால் வண்டி நகராது.

இரண்டாவது சோதனை. உங்கள் வண்டியின் பின் டிஃபரன்ஷியலிலும் ஒரு விஸ்கஸ் கட்டுப்பாடு உண்டு என்பதால், குற்றவாளி எது என்று பிரித்தறிய வேண்டும். சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைத்து, பின்புறத்தை உயர்த்தி, இரண்டு பின் சக்கரங்களும் தொங்கும்படி உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவியுங்கள். இப்போது கியர்பாக்ஸிலிருந்து பின் டிஃபரன்ஷியலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைத் திருப்பினால், முன் வெளியீடு தரையிலுள்ள சக்கரங்களால் பிடித்து நிறுத்தப்பட்டிருப்பதால், நீங்கள் உணரும் எதிர்ப்பு பெரும்பாலும் சென்டர் டிஃபரன்ஷியலின் கப்ளிங்கிலிருந்தே வரும். ஷாஃப்ட்டின் இணைப்பில் ஒரு மீட்டர் நீளக் கம்பியைப் பொருத்தி, அதன் நுனியை ஒரு சுருள்வில் தராசால் மெல்ல ஒரே சீராக இழுத்தால், தராசு காட்டும் கிலோவே கிலோகிராம் மீட்டர் கணக்கிலான திருப்புவிசை. உங்கள் மாடலில் உள்ள கப்ளிங் நிமிடத்துக்கு 100 சுற்று வேறுபாட்டில் 4 கிலோகிராம் மீட்டர் தரும் வகை. நல்ல நிலையில் இருந்தால் கையால் திருப்பும் மிகக் குறைந்த வேகத்தில் அதைவிடத் தெளிவாகக் குறைவாகவே எதிர்க்க வேண்டும். பின் டிஃபரன்ஷியலைச் சோதிக்க, ஷாஃப்ட்டை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, ஒரு பின் சக்கரத்தைத் திருப்புங்கள். மற்றது எதிர்த்திசையில் சிரமமின்றிச் சுழல வேண்டும். இரண்டு சோதனைகளையும் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும், நெடுந்தூரம் ஓடி வந்தவுடன் ஒருமுறையும் செய்து ஒப்பிடுங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கியர்பாக்ஸோ பின் டிஃபரன்ஷியலோ எப்போதாவது மாற்றப்பட்டதா? 2002 முதல் 2005 வரை வட அமெரிக்காவில் விற்ற உங்கள் வகை வண்டியில் இறுதிப் பற்சக்கர விகிதம் முன்னால் 3.9, பின்னால் 3.545. கியர்பாக்ஸின் பின்பகுதியிலுள்ள பரிமாற்றப் பற்சக்கரத்தின் 1.1 விகிதத்தோடு பெருக்கினால்தான் இரண்டும் ஒன்றாகும். இதை அறியாமல் யாரேனும் பின்னால் 4.11 விகித டிஃபரன்ஷியலைப் பொருத்தியிருந்தால் வேறுபாடு 16 விழுக்காட்டைத் தொடும். எந்த விஸ்கஸ் கப்ளிங்கும் அதைத் தாங்காது. பின் டிஃபரன்ஷியலில் உள்ள குறியை நம்புவதைவிட, சக்கரத்தையும் ஷாஃப்ட்டையும் சுண்ணக்கட்டியால் கோடிட்டுச் சுற்றுகளை எண்ணிப் பார்ப்பதே உறுதியானது.

என் கருத்து இது: முதலில் நான்கு டயர்களையும் ஒரே தயாரிப்பு, ஒரே தேய்மானம் உள்ளவையாக மாற்றுங்கள். அதன் பிறகு சோதியுங்கள். குறை அதோடு நீங்கிவிடவும் கூடும்.


மலைச்சரிவு எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் விளக்கத்தை மனமார வரவேற்கிறேன். கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. இறுக்கம் குளிர்ந்த நிலையிலும் சிறிதளவு தெரிகிறது என்று கேள்வி கேட்டவரே சொல்லியிருக்கிறார். குளிர்ந்த கப்ளிங் இறுக்கம் காட்டுகிறது என்றால் சிலிக்கோன் ஏற்கெனவே தடித்துவிட்டது என்றே நான் கொள்வேன். டயர் மாற்றத்தை முதலில் செய்யத்தான் வேண்டும், ஆனால் அது பழையதைக் குணப்படுத்தும் என்பதற்காக அல்ல. புதிதாகப் போடப்போகும் டிஃபரன்ஷியலும் அதே கதிக்கு ஆளாகக் கூடாது என்பதற்காக.

சிலிக்கோனை மாற்றலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த வகைக் கப்ளிங்கைத் திறந்து நிரப்பும் தொழில் உலகில் இல்லாமல் இல்லை. ஃபோல்க்ஸ்வாகனின் டி3 சிங்க்ரோ வேன்களில் உள்ள விஸ்கஸ் கப்ளிங்கை ஐரோப்பாவில் சில தனிப் பட்டறைகள் இன்றும் திறந்து, தட்டுகளைச் சுத்தம் செய்து, அளந்து நிரப்பி, சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்துத் தருகிறார்கள். ஆனால் அந்த வண்டியில் சென்டர் டிஃபரன்ஷியலே கிடையாது. கப்ளிங் ஒன்றேதான் முன் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகிறது. அது தனியாகக் கழற்றக்கூடிய அலகு. சுபாருவின் ஐந்து வேகக் கியர்பாக்ஸிலோ கப்ளிங்கும் பெவல் பற்சக்கரங்களும் ஒரே உறைக்குள் ஒன்றாக அமைந்திருக்கின்றன. வெளியிலுள்ள பேரிங்கைத் தவிர உள்ளே எதையும் பிரிக்கக் கூடாது என்று நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கையேடே சொல்கிறது. உள் உதிரிகளை அவர்கள் தனித்தனியாக விற்பதும் இல்லை.

உறையை எப்படியோ திறந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். எத்தனை விழுக்காடு திரவம், எத்தனை விழுக்காடு காற்று, திரவத்தின் பிசுப்பு எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்துதான் கப்ளிங் எந்த வெப்பத்தில் இறுகும் என்பதை நிர்ணயிக்கின்றன. சில மில்லிலிட்டர் கூடிவிட்டால் தேவையில்லாத நேரத்தில் இறுகும். குறைந்துவிட்டால் தேவையான நேரத்தில் இறுகாது. அதைச் சரிபார்க்க வேண்டுமானால் சோதனை மேடை வேண்டும். வீட்டில் நிரப்பிய கப்ளிங் ஒன்று மழை நாளில் நெடுஞ்சாலை வளைவில் முன்னறிவிப்பின்றி இறுகினால் வண்டியின் போக்கே மாறிவிடும். ஆகவே இந்த வழியை விட்டுவிடுங்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

டிஃபரன்ஷியலை வெல்டிங் செய்து இரு அச்சுகளையும் நிரந்தரமாகப் பிணைத்துவிடும் யோசனையையும் யாரேனும் சொல்லக்கூடும். மண் தரையில் மட்டும் ஓடும் பந்தய வண்டிக்கு அது ஒரு வழியாக இருக்கலாம். நகரச் சாலையில் ஓடும் வண்டிக்கு, இப்போது நீங்கள் நீக்க விரும்பும் அதே குறையை நிரந்தரமாக்கிக்கொள்வதாகும்.


வடதிசைப் பயணி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நான்கு டயர்களையும் ஒரே தயாரிப்பாக மாற்றிவிட்டு, சொன்னபடியே சோதித்தேன். சுண்ணக்கட்டிக் கோட்டால் பார்த்ததில் பின் விகிதம் 3.545 என்பது சரியாகவே இருக்கிறது. பின் டிஃபரன்ஷியல் குளிரிலும் சூட்டிலும் சிரமமின்றிச் சுழல்கிறது. ஆனால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் ஒரு மீட்டர் கம்பியால் இழுத்தபோது, குளிர்ந்த நிலையிலேயே தராசு 6 கிலோவைக் காட்டியது. நெடுஞ்சாலையிலிருந்து வந்தவுடன் 11 கிலோவுக்கு ஏறியது. டயர் மாற்றிய பிறகு வளைவில் இறுக்கம் ஓரளவு குறைந்தது உண்மை, முற்றிலும் நீங்கவில்லை.

ஆகவே சென்டர் டிஃபரன்ஷியலை முழு அலகாக மாற்றுவதென்று முடிவு செய்திருக்கிறேன். பழைய உதிரிகள் விற்கும் ஓரிடத்தில் கழற்றி எடுத்த ஒன்று கிடைக்கிறது. புதியதன் விலை அதைவிடப் பல மடங்கு. பந்தயத்துக்கென்று வந்த 20 கிலோ வகை (நிமிடத்துக்கு 100 சுற்று வேறுபாட்டில் 20 கிலோகிராம் மீட்டர் தருவது) ஒன்றும் விற்பனைக்கு வந்திருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது, பொருத்தும்போது எதில் கவனம் வைப்பது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


ஆறாம் வேகம் எழுதியது:

இடையில் ஒரு சிறு குறிப்பு. இந்த இழையைப் படிக்கும், டபிள்யூஆர்எக்ஸின் விசை கூடிய வகையான எஸ்டிஐயின் உரிமையாளர்களுக்காக எழுதுகிறேன். மேலே சொன்ன விளக்கங்கள் அப்படியே உங்கள் வண்டிக்குப் பொருந்தா. ஆறு வேகக் கியர்பாக்ஸில் இருப்பது விஸ்கஸ் கப்ளிங் அல்ல. கோள் பற்சக்கரத் தொகுதியும் மின்காந்தக் கிளட்சும் கொண்ட, ஓட்டுநரே கட்டுப்படுத்தக்கூடிய டிஃபரன்ஷியல். அமெரிக்காவில் விற்ற 2004, 2005 மாடல்களில் விசைப் பங்கீடு முன்னுக்கு 35, பின்னுக்கு 65 விழுக்காடு. 2006 முதல் 41, 59. அங்கே இறுக்கம் தெரிந்தால், முதலில் கட்டுப்பாட்டுச் சக்கரத்தைத் தளர்வான நிலைக்குக் கொண்டுவந்து வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோளாறு மின்சாரப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். சக்கர வேக உணரிகளையும் இணைப்புக் கம்பிகளையும் சோதித்த பிறகே இயந்திரப் பகுதிக்குப் போங்கள். டயர் அளவு ஒத்திருக்க வேண்டும் என்ற விதி மட்டும் இரண்டு வகைக்கும் பொது.


பல்சக்கரப் பட்டறை எழுதியது:

குளிரில் 6 கிலோ என்ற அளவைப் பார்த்த பிறகு மலைச்சரிவு சொன்னதே சரி என்று ஏற்கிறேன். அந்தக் கப்ளிங்கின் காலம் முடிந்துவிட்டது.

20 கிலோ வகையை வாங்காதீர்கள். பந்தயத்தில் முன்னும் பின்னும் வேகமாகப் பிணைய வேண்டும் என்பதற்காகவே அது அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது. உங்கள் வண்டியில் போட்டால், பழுதான கப்ளிங்கோடு இப்போது நீங்கள் படும் துன்பத்தைப் புதிய உதிரியோடு தொடர்ந்து படுவீர்கள்.

பழையதை வாங்குவதானால் நேரில் கையில் எடுத்துப் பாருங்கள். உறையில் நீலம் பாய்ந்திருந்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறியதன் தடயம், பேசாமல் வைத்துவிடுங்கள். ஒரு பக்கப் பற்கீற்றை (அச்சோடு பிணையும் நீளவாட்டுப் பற்களை) பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைத் திருப்பும்போது மெல்லிய, ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். எங்காவது தட்டினாலோ, ஓரிடத்தில் மட்டும் இறுகினாலோ, எதிர்ப்பே இல்லாமல் சுழன்றாலோ அது வேண்டாம். எந்த வண்டியிலிருந்து கழற்றியது, அந்த வண்டியின் டயர்கள் எப்படியிருந்தன என்று விற்பவரிடம் கேட்பதில் தவறில்லை. என்னைக் கேட்டால், வருமானம் இடம் கொடுக்குமானால் புதியதையே வாங்குங்கள் என்பேன், ஏனென்றால் இந்த வேலையில் உழைப்புதான் பெரிது. ஐயத்துக்குரிய உதிரிக்காக அதே உழைப்பை இரண்டாம் முறையும் செலவிட நேர்வது கொடுமை.

கியர்பாக்ஸ் முழுவதையும் இறக்க வேண்டியதில்லை. டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸின் பின்கோடியில் இருப்பதால், எண்ணெயை வடித்து, எக்ஸாஸ்ட்டின் நடுப்பகுதியையும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் கியர் மாற்றும் இணைப்பையும் கழற்றி, கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடித்தபடி பின் குறுக்குத் தாங்கியை நீக்கினால், பின் உறையை வண்டியிலிருந்தபடியே பின்னோக்கி இழுத்தெடுக்க இடம் கிடைக்கும். உறை வரும்போது உள்ளே கியர் தேர்வுக் கம்பியின் கை சிக்கிக்கொள்ளும்; அதை விடுவிக்காமல் நெம்பினால் அலுமினிய உறை உடையும். அந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். உறை வந்துவிட்டால் டிஃபரன்ஷியல் பற்கீற்றுகளிலிருந்து கையால் இழுத்தாலே வந்துவிடும். பற்கீற்றுகளில் தேய்மானம் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள்.

நீங்கள் முதலில் கேட்ட சீரமைப்பு என்பது உண்மையில் இங்கேதான் இருக்கிறது. பழைய பேரிங்கை மீண்டும் பயன்படுத்தாமல் புதியதை அழுத்தப்பொறியால் ஏற்ற வேண்டும். அலகும் பேரிங்கும் மாறும்போது மொத்த உயரமும் மாறுகிறது; ஆகவே இடைவெளியைச் சரிசெய்யும் பழைய வாஷரை அப்படியே திரும்பப் போட்டு மூடுவது பலரும் செய்யும் செயலாக இருந்தாலும் ஏற்கத்தக்கதல்ல. இணையும் இரு முகங்களையும் பழைய பசை ஒட்டாமல் துடைத்து, நேர்ச்சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்து, ஆழமானியால் உறையின் ஆழத்தையும் டிஃபரன்ஷியல் நிற்கும் உயரத்தையும் இரண்டு மூன்று இடங்களில் அளந்து, உங்கள் ஆண்டின் கையேட்டிலுள்ள இடைவெளி வருமாறு வாஷரைத் தேர்ந்தெடுங்கள். இடைவெளி குறைந்தால் பேரிங் வெந்துபோகும். கூடினால் அலகு முன்னும் பின்னும் நகர்ந்து ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தட்டும் ஒலி எழுப்பும். பின் எண்ணெய் சீலையும் இப்போதே புதிதாக மாற்றிவிடுங்கள். பிறகு அதற்காக ஷாஃப்ட்டை மீண்டும் இறக்க வேண்டியிருக்காது.

மூடிய பிறகு 75 டபிள்யூ-90, ஜிஎல்-5 தர எண்ணெய் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் போகும்; கியர்பாக்ஸும் முன் டிஃபரன்ஷியலும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்வதால் அளவுக்கோலில் சரியாக வரும்வரை பொறுமையாக ஊற்றுங்கள். நெடுஞ்சாலையில் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அதே ஒரு மீட்டர் கம்பியாலும் அதே தராசாலும் மீண்டும் அளந்து அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஐயம் எழும்போது ஒப்பிட வேறு எதுவும் தேவைப்படாது. இனி டயர் ஒன்று பழுதானால், மீதி மூன்றின் பள்ளத்தை அளந்த பிறகே புதியதை வாங்குங்கள். வண்டியை இழுத்துச் செல்ல நேர்ந்தால், இரண்டு சக்கரங்களைத் தூக்கி இரண்டைத் தரையில் உருட்டும் வகை வாகனத்தை அனுமதிக்காமல், நான்கு சக்கரங்களும் மேலே நிற்கும் தட்டையான வாகனத்தையே கேட்டு வாங்குங்கள்.